அவள் பங்கை உன் பேரில் எழுதாதே

தம்பி,

எல்லாரும் சுகமா என்று கேட்டிருந்தாய். உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் இன்று அப்பா வேலைக்குக் கிளம்பிப் போன கையோடு உன் தங்கச்சியைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் கையால் எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிவிடும், அது உனக்கே தெரியும். நான் பேசுகிறபடியே எழுதாமல் புத்தகத்தில் இருக்கிற மாதிரி திருத்தி எழுதுகிறேன் என்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், அந்த ஆசையாவது தீரட்டும். எழுதுகிற கைதான் அவளுடையது. படித்துவிட்டுக் கோபம் வந்தால் என்மேல் காட்டு, அவள்மேல் காட்டாதே.

நீ கடிதத்தோடு ஒரு பேங்க் பாரம் வைத்திருந்தாய். மல்லிகாவிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பு, கல்யாணத்துக்கு அப்புறம் அவள் சம்பளமும் என் கணக்குக்கே வந்துவிடட்டும், வருமான வரியில் பிடித்தது திரும்பி வந்தாலும் அதுவும் அதிலேயே சேரட்டும், ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்கு எதற்கு என்று எழுதியிருந்தாய். படிக்கும்போது நல்ல ரோசனை மாதிரித்தான் இருந்தது. இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்போதுதான் உறுத்தியது. உனக்கும் மல்லிகாவுக்கும் வாரம் ஒரு கடிதம் போகிறது வருகிறது என்று அவள் அம்மாவே சொல்லிச் சிரித்தாள். அந்தக் கடிதத்தில் வைக்காத பாரத்தை என் கடிதத்தில் ஏன் வைத்தாய்? நீ கேட்டால் அந்தப் பெண் எதற்கு என்று உன்னைத் திருப்பிக் கேட்பாள். டெலிபோன் ஆபீஸில் நாலு பேரிடம் பேசிப் பழகியவள். வரப்போகிற மாமியார் நீட்டினால் பேசாமல் கையெழுத்துப் போடுவாள். இப்படி நீ கணக்குப் போட்டாயா, இல்லை நான்தான் இல்லாததை நினைக்கிறேனா?

அதை நினைத்துக்கொண்டு இருக்கும்போதே போன வெள்ளிக்கிழமை ஒருத்தர் வந்தார். சலவைச் சட்டை, கையில் தோல் பை. வாசலில் நின்றபடியே, "தம்பி இருக்காப்லயா ஆத்தா?" என்றார்.

"அவன் கோயமுத்தூர்ல வேலையில இருக்கான். நீங்க யாரு?"

"தெரிஞ்சவன்தான். கல்யாணமாமே, எப்ப?"

"தை கடைசியில."

"பொண்ணும் வேலை பாக்குதாமே. எந்த ஆபீஸ்ல?"

தண்ணீர் குடிக்கிறீர்களா என்றேன். அவர் கண் என் முகத்தில் இல்லை. மின்விசிறியைப் பார்த்தது, பீரோவைப் பார்த்தது, உன் தங்கச்சி காதைப் பார்த்தது. தெரிந்தவர் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். போகும்போது, "வாரேன் ஆத்தா. அவரு கூட்டாளி வண்டி விசயமா வந்தேன்னு மட்டும் தம்பிட்ட சொல்லுங்க" என்றார். பேரைக் கேட்டேன். "தம்பிக்குத் தெரியும்" என்று படி இறங்கிவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "கல்யாண வீடுன்னா நாலு பேரு விசாரிக்கத்தான் செய்வான். சும்மா கெடக்க மாட்டியா? அவன் நம்ம பிள்ளைடி" என்றார். "நீங்களும் ஒரு ஆத்தா பெத்த பிள்ளைன்னு நம்பித்தான நானும் வந்தேன்" என்றேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

கூட்டாளிக்காக நீ ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாயா தம்பி? இதைத்தான் நான் கேட்க வேண்டும். ஆனால் வெறுமனே கேட்டால் இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிடுவாய். அதனால், நம் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். நீ அப்போது காலேஜ் ஆஸ்டலில் இருந்தாய். கடை நொடித்துவிட்டது என்று மட்டும் உனக்கு எழுதினோம். எப்படி நொடித்தது என்று யாரும் உனக்குச் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதினேழு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்கள் அய்யா உசிலம்பட்டிச் சந்தையில் இரண்டு ஜோடி மாட்டை விற்றார். ஒரு ஜோடிக் காசு பாத்திரத்துக்கு, இன்னொரு ஜோடிக் காசு உன் அப்பா சாக்குக் கடை வைக்க. பாத்திரக் கடையில் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தவர், "யாரு பேரு வெட்டணும்ணே?" என்று கேட்டார். என் பேரைச் சொல்ல வாயெடுத்தாள் எங்கள் அம்மா. அய்யா மறித்து, "மாப்ளை பேரை வெட்டுங்க, அதான் அவுகளுக்கு மரியாதை" என்றார். அண்டா, தவலை, குத்துவிளக்கு, தாம்பாளம், எல்லாவற்றிலும் உன் அப்பா பேர். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டு அந்த எழுத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பேன்.

கடையில் என் காசு பாதி, உழைப்பும் பாதி. பழைய சாக்கை வாங்கி உதறி, கிழிசலைக் கோணி ஊசியால் தைத்து, கட்டுக் கட்டாக அடுக்கி விற்க வேண்டும். தைத்தது முழுக்க நான். உன்னை மடியில் போட்டுக்கொண்டு தைத்திருக்கிறேன், உனக்குத் தும்மல் நிற்காது. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு வயதான குமாஸ்தா வந்து கணக்குப் பார்ப்பார். அவர்தான் ஆளுக்குப் பாதி என்று எங்கள் இரண்டு பேரையும் கூட்டாளியாகப் போட்டுப் பத்திரம் எழுதி வைத்தார். ஆனால் வரி என்று வரும்போது என் பாதி லாபத்தையும் உன் அப்பா தலையிலேயே ஏற்றி அவர் பேரில்தான் கட்ட வேண்டும், சட்டம் அப்படி என்றார். நான் சரி என்றேன். எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் காதுகுத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உன் அத்தை மகளுக்கு, டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊரில் நடந்தது. உன் அப்பா தாய்மாமன், மாலை போட்டு நடுப்பந்தலில் உட்கார வைத்திருக்கிறார்கள், மடியில் பிள்ளை. ஆசாரி ஊசியை எடுக்கிறார். அந்த நேரத்தில் அத்தை வீட்டுக்காரர், உன் மாமா, ஒரு காகிதத்தோடு வந்து குனிந்தார்.

"மச்சான், ஒரு கையெழுத்து."

"என்ன காயிதம் மாப்ள?"

"வண்டிக்குத்தான். பணம் கட்டப் போறது நானு. நீங்க சும்மா பேருக்கு."

"வீட்ல போயிப் படிச்சுப் பாத்துட்டு..."

பக்கத்தில் இருந்த ஒருத்தர் கேட்டுவிட்டார். "மருமக மடியில இருக்கா, தாய்மாமன் வீட்ல கேட்டுத்தான் போடுவாராம்! அம்புட்டுப் பயமாண்ணே?" பந்தலே சிரித்தது. பிள்ளை வீறிட்டு அழுகிறது, ஒரு கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உன் அப்பா கையெழுத்துப் போட்டார். வேறு நேரத்தில் கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டார். மடியில் தங்கச்சி மகளை வைத்துக்கொண்டு தாய்மாமன் முடியாது என்று சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. அது தெரிந்துதான் உன் மாமா அந்த நேரத்தைப் பார்த்துக் கொண்டுவந்தார். நான் சீர்த்தட்டோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அது என்ன காயிதம்?" என்றேன். "ஒண்ணுமில்ல, சாட்சிக் கையெழுத்து" என்றார். சாட்சிக்கு மூன்று இடத்தில் கையெழுத்து எதற்கு என்று மனசுக்குள் ஓடியது. கேட்கவில்லை.

இரண்டு வருசம் போனது. ஒரு வருசம் மழை இல்லை. மேற்கே நெல்லும் இல்லை கடலையும் இல்லை, மூட்டை கட்ட ஒன்றும் இல்லாதபோது சாக்கை யார் வாங்குவார்கள்? அந்த வருசத்துக்கு முன்கூட்டியே கட்டின வரி அதிகம், திருப்பித் தருவார்கள் என்று குமாஸ்தா மனுப் போட்டார். கடையைத் திரும்ப எழுப்புகிற அளவுக்கு இருந்தது அந்தத் தொகை. செக் வரப்போகிறது என்று சொல்ல அவர் கடைக்கு வந்த அன்று உன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார். "யாருக்காச்சும் ஜாமீன் கீமீன் போட்டிருக்கீங்களா?" உன் அப்பா, "அப்பிடியெல்லாம் இல்லையே" என்று சொல்லிவிட்டு, சாக்குக் கட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. அந்தக் காகிதம்தான் என்று தெரிந்துவிட்டது. அப்போதும் நான் கேட்கவில்லை.

குமாஸ்தாவுக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். உன் அப்பா டீ வாங்கப் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னார். "செக்கு அவரு பேருலதாம்மா வரும். ஆனா அதுல பாதி ஒங்க லாபத்துக்குப் போட்ட வரி. கடைக் கணக்குலயும் அப்பிடித்தான் இருக்கு. ஒங்க பேருக்கு மட்டும் போஸ்டாபீஸ்ல ஒரு கணக்கு ஆரம்பிங்க. செக்கு மாறின அன்னைக்கே ஒங்க பாதியக் கடைக் கணக்குல எழுதி அதுல போட்டுருங்க. நாளப்பின்ன அவரு கடனுக்குன்னு யாராச்சும் வந்தா, அது இந்தம்மா பங்குன்னு காட்ட காயிதம் இருக்கும்."

"கடங்காரன ஏமாத்துற மாதிரி ஆகாதுங்களா?" என்று கேட்டேன்.

"அவரு பணத்த ஒங்க பேருக்கு மாத்தினா ஏமாத்து. ஒங்களத நீங்க எடுத்து வைக்கிறதுக்குப் பேரு என்ன?"

நல்ல மனுசர். பாரத்தைக்கூட அவரே வாங்கிக் கொடுத்தார். பெரிய போஸ்டாபீஸ் வரைக்கும் போனேன். ஜன்னலுக்கு முன்னால் வரிசை, எல்லாரும் ஆண்கள். என் முறை வந்தால் உள்ளே இருப்பவர் ஏன் தனிக் கணக்கு, வீட்டுக்காரர் எங்கே என்று சத்தமாகக் கேட்பார், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வரிசை நகர்வதற்குள் நானே திரும்பி வந்துவிட்டேன். செக் வந்ததும், "ஒம்பங்கத் தனியா வச்சுக்கிறியா?" என்று உன் அப்பா தானாகவே கேட்டார். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குப் பாவம். நான்தான், "எதுக்கு, உங்க பேருலயே போடுங்க" என்றேன். மரியாதையாக நடந்துகொண்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. உன் மாமா வண்டிக்குப் பணம் கட்டவே இல்லை. பைனான்ஸ்காரர் கோர்ட்டுக்குப் போய், ஜாமீன் போட்டவர் என்று உன் அப்பாமேல் உத்தரவு வாங்கி, பேங்கில் இருந்த பணத்தை அப்படியே பிடித்துவிட்டார். இத்தனை மாதம் சும்மா இருந்தவருக்கு செக் மாறினது எப்படித் தெரிந்தது? உன் அத்தையிடம் வாயை விட்டது உன் அப்பா. அங்கிருந்து யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எழுதுவதற்கில்லை. பாதி என்னுடையது என்று கோர்ட்டில் மனுக் கொடுக்கலாம் என்று குமாஸ்தா சொன்னார். கூண்டில் ஏறி வக்கீல் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் அதற்கும் மாட்டேன் என்றேன்.

பேங்க் பணம் போதாமல் வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய கோர்ட் அமீனா வந்தார். சமைக்கிற சட்டி பானையைத் தொடக்கூடாதாம், அதை விட்டுவிட்டார். பெரிய பாத்திரத்தை எல்லாம் முற்றத்தில் எடுத்து வைக்கச் சொன்னார். தெருவே வந்து நின்றது. நான் கதவுக்குப் பின்னால், உன் தங்கச்சி என் சேலையைப் பிடித்துக்கொண்டு. அமீனா கெட்டவர் இல்லை. "இதுல பொம்பளயோட சீர் சாமான் எதும் இருந்தா சொல்லிருங்கம்மா, ஒதுக்கி வச்சிர்றேன்" என்று இரண்டு தடவை கேட்டார். பைனான்ஸ்காரர் ஆள் அண்டாவைக் கவிழ்த்து, "என்ன சார் சீரு கீருன்னுக்கிட்டு, அண்ணே பேரைல்ல கொட்டை எழுத்துல வெட்டிப் பளபளன்னு வச்சிருக்காக, பாருங்க" என்று சிரித்தார். அது எங்கள் அய்யா மாட்டை விற்று வாங்கியது என்று ஒரு வார்த்தை நான் வெளியே வந்து சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டு அம்மாள்கூட, "அடியே, வாயத் தொறந்து சொல்லேன்டி" என்றாள். நான் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினேன். எல்லாம் வண்டியில் ஏறிப் போனது.

கடை போனது. உன் அப்பா இன்னொருத்தர் கடையில் எடை போடப் போனார், இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். அதற்கடுத்த வருசங்களில் உன் பரீட்சைக்கும் ஆஸ்டலுக்கும் பணம் தவறாமல் வந்ததே, எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டாயா? உன் தங்கச்சி ஒன்பதாம் வகுப்பை நிறுத்திவிட்டு என்னோடு உட்கார்ந்து கூலிக்குச் சாக்குத் தைத்தாள். அவள் பங்கையும் உன் பேரிலேயே போட்டோம் தம்பி. அவளைக் கேட்டுப் போடவில்லை.

அண்ணே, மேலே உள்ளதை எழுதமாட்டேன் என்று சொன்னேன், அம்மா விடவில்லை. நீ வருத்தப்படாதே. எனக்கு அதில் கோபம் இல்லை என்று எழுதத்தான் வந்தேன். எழுத வரவில்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது. இனி அம்மா சொல்வது.

அவள் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. சரி, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அந்தப் பாரத்தில் நான் மல்லிகாவிடம் கையெழுத்து வாங்கப் போவதில்லை. அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் சம்பளம் அவள் பேரில் இருக்கிற கணக்குக்குப் போகட்டும். அவளிடம் பிடித்த வரியில் அஞ்சோ பத்தோ திரும்பி வந்தாலும் அது அவளுடையது, உன் கணக்கு வழியாகப் போகக்கூடாது. வீட்டுச் செலவுக்கு இரண்டு பேரும் ஆளுக்கு இவ்வளவு என்று பொதுவில் போடுங்கள், போட்டதை எழுதி வையுங்கள். சேர்ந்து ஒரு இடம் வாங்கினால் பத்திரத்தில் அவள் பேரும் இருக்கட்டும், அவள் கொடுத்தது எவ்வளவு என்றும் இருக்கட்டும். நம்பிக்கை இல்லாத வீட்டில்தான் இப்படி எல்லாம் எழுதி வைப்பார்கள் என்று உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். எங்களிடம் நம்பிக்கை அவ்வளவு இருந்தது. அமீனா அதைக் கேட்கவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், நீ யாருக்காவது ஜாமீன் நின்றிருந்தால் அதைத் தாலி கட்டுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு, யாருக்கு, எதற்கு, எல்லாம். உன் அப்பா கையெழுத்துப் போட்டதற்காக நான் அவர்மேல் இவ்வளவு வருசம் மனத்தாங்கலாக இல்லை. அந்தப் பந்தலில் யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். இல்லையே என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பினாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் கடைக்குப் போய் நேரம் கழித்து வந்தாலும் சந்தேகம், சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தாலும் சந்தேகம். இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததில்லை. இப்போது பெற்ற பிள்ளைமேலும் வந்து நிற்கிறது. நீ யாருக்கும் கையெழுத்தே போடவில்லை, வந்தவர் வேறு எதற்கோ வந்தார் என்றால் இந்தக் கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்துக்கொள். எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் எனக்கு ஒரு பதில், அவளுக்கு ஒரு பதில் என்று இரண்டு எழுதுகிற பிள்ளையாக நீ ஆகியிருப்பாயோ என்றுதான் பயமாக இருக்கிறது.

அதனால் இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. உறையை ஒட்டவும் இல்லை. உன் தங்கச்சி தெப்பக்குளம் பஸ் ஏறிப் போய் இதை மல்லிகா கையில் கொடுப்பாள். அவள் முழுக்கப் படிக்கட்டும். படித்த பிறகு உனக்கு அனுப்புவதா வேண்டாமா, கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். இது உன் கைக்கு வந்திருக்கிறது என்றால், எல்லாம் தெரிந்தும் அவள்தான் உறையை ஒட்டி, தபால்தலை வாங்கி அனுப்பியிருக்கிறாள். எனக்குப் பதில் வேண்டாம். அவளுக்கு எழுது.

அம்மா